எழுதாமல் விட்ட ஒரு வரி

அக்டோபர் 12

தம்பிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுகிறாய், ராத்திரி வந்ததும் பூட்ஸைக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுகிறாய் என்று அம்மா போனில் வாசித்துவிடுகிறாள்.

உனக்கும் போன் செய்திருக்கலாம். செய்தால் மூன்றாவது நிமிடம் நான் கத்துவேன், நான்காவது நிமிடம் நீ வைத்துவிடுவாய். காகிதத்தில் கத்தினால் உனக்குக் காது வலிக்காது.

விஷயம் எங்கள் வீட்டு ஹீட்டர். நீ கடைசியாக வந்து சர்வீஸ் செய்தாயே, அதேதான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உன் அத்தான் தன் பிரஸ் நண்பர்கள் முன்னால் உன்னைப் பற்றி ஜோக் அடித்தார், நீ கையைக்கூடக் கழுவாமல் கிளம்பிப் போனாய். வருடம் ஒன்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் வளர்ந்த ஆண்பிள்ளைகள், உங்களுக்கு நடுவில் நான் தூது போக முடியாது. போகிற கோபத்திலும் ஹீட்டரை மாட்டி மூடிவிட்டுத்தான் போனாய், அந்த மட்டும் சந்தோஷம்.

இப்போது வீடு சூடாவதே இல்லை. வீட்டு நடையில் உள்ள ஹீட்டர் நாள் முழுக்க எரிகிறது, கேஸ் பில் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஹாலில் உட்கார்ந்தால் கால் விறைக்கிறது. உன் அத்தான் காலையில் குரங்குக் குல்லாவோடு உட்கார்ந்து வழக்கம்போல ப்ரூஃப் திருத்துகிறார். பார்க்கிறவர்கள் வங்கிக் கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார் என்று நினைப்பார்கள். ஹீட்டர் கடைக்காரர் வந்து வாசலில் நின்றபடியே, "இந்த வீட்டுக்கு இது பத்தாதுங்க, டபுள் சைஸ் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும், "பெருசா வாங்கிட்டா ஒரேயடியா தீந்துது" என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் பதினாறு வருடம் உட்கார்ந்தவள் நான். வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் பல்லைப் பிடுங்கச் சொல்கிறவனை எனக்குத் தெரியும்.

வாங்கலாமா, வேண்டாமா? வெயில் காலத்துக்கான ஏசியும் போன வருடம் சுவரெல்லாம் தண்ணீர் விட்டது. அதையும் சேர்த்துச் சொல். புரியும்படி எழுது. உன் கடிதத்தை உன் அத்தானும் படிப்பார், சிவப்புப் பேனாவோடு. பொங்கி வந்த கோபத்தில் நீ எழுதின போன கடிதத்தில் பதினோரு பிழை இருந்ததாம்.

அக்கா


அக்டோபர் 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு வீட்டு மாடியில், ஏசி யூனிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

பெரியது வாங்காதே. கடைக்காரன் அளந்து பார்த்தானா? ஜன்னலை எண்ணினானா? இல்லை அல்லவா? அப்படியானால் அவன் சொன்னது விற்பனை. தேவைக்கு மேல் பெரிய மெஷின் குபீரென்று சூடாக்கும், நின்றுவிடும், ஆறியதும் திரும்பக் கிளம்பும். இப்படி நின்று நின்று ஓடினால் கேஸும் அதிகம் குடிக்கும், சீக்கிரமும் கெடும். உங்களுடையது எட்டு வருட மெஷின். இன்னும் ஓடும். குறை வீட்டில் இருக்கிறது. உங்கள் வீடு ஒரு சல்லடை. சூடு பண்ணுவதெல்லாம் தெருவுக்குப் போகிறது.

நான் சொல்கிறதைச் செய்யுங்கள்.

ஒன்று, ஹீட்டரின் முன்பக்கம் கீழே ஃபில்டர் இருக்கிறது. மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மாட்டு. ஈரத்தோடு மாட்டாதே. இரண்டு, ஹாலில் சூட்டுக்காற்று வருகிற வாய்க்கு முன்னால் புத்தக அலமாரி இருக்கிறது, அதை நகர்த்துங்கள், அத்தான் மனசு வைத்தால். மூன்று, ஜன்னல் சட்டங்களுக்கு ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டு. நான்கு, வாசல் கதவுக்கு அடியில் ஒரு பட்டை. ஐந்து, கனமான திரை. வெயில் படுகிற பக்கம் பகலில் திறந்து வை, பொழுது சாயும்போது இழுத்து மூடு. ஆறு, பின் அறையை யாரும் பயன்படுத்துவதில்லை, கதவைச் சாத்தி வை. ஏழு, ஒரு டிஷ்யூ பேப்பரைப் பட்டையாகக் கிழித்துச் சுவரோரம், சட்டத்தோரம், மூலைமுடுக்கெல்லாம் பிடித்துப் பார். எங்கே ஆடுகிறதோ அங்கே காற்று வருகிறது. அங்கே அடை. எட்டு, சூட்டை இருபதில் வைத்துவிட்டு மறந்துவிடு. ஏற்றி இறக்கி விளையாடாதே. ஒன்பது, ஏசி தண்ணீர் விடுவது குழாய் அடைப்பு. வெயில் வருமுன் குழாயை ஊதிவிடச் சொல். பதினெட்டில் வைத்துவிட்டுப் போர்வை போர்த்துகிற பழக்கத்தை அத்தான் விட வேண்டும். இருபத்தாறு, கூட ஃபேன். போதும்.

ஹீட்டரைப் பற்றி இன்னொன்றும் உண்டு. அது எழுதினால் விளங்காது. இப்போது சீசன், மூச்சு விட நேரமில்லை. டிசம்பரில் வந்து பார்த்துக்கொள்கிறேன். அத்தான் வேலைக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்.

பிழை இருந்தால் அத்தான் பொறுத்துக்கொள்ளட்டும்.

தம்பி


நவம்பர் 3

தம்பிக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். வீடு வெதுவெதுவென்று இருக்கிறது.

உன் அத்தானை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு வாரம் லீவு நாளெல்லாம் இதே வேலை. பனியனோடு, கையில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சுவரோரமாக நகர்கிறார். துப்பறிகிறவர்கள் தோற்றார்கள். எங்காவது பேப்பர் ஆடிவிட்டால், "மாட்டினியா!" என்று ஒரு சத்தம். நான் டேப்பை வெட்டிக் கொடுக்கிற உதவியாள். புத்தக அலமாரியைக்கூட நகர்த்திவிட்டார். பதினெட்டு வருடமாக நான் நகர்த்தச் சொன்னேன், நகராத அலமாரி.

உன் கடிதத்தில் இந்தத் தடவை ஆறு பிழைதானாம். திருத்தி முடித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "உன் தம்பி எழுத்துலதான் தப்பு இருக்கு. விஷயத்துல ஒரு தப்பும் இல்ல." இதை உனக்கு எழுதச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதுவேன் என்று தெரிந்துதான் என் காதுபடச் சொன்னார்.

டிசம்பரில் நீ திருட்டுத்தனமாக வர வேண்டாம். "அவன் வரட்டும், நானே கதவைத் திறக்கிறேன்" என்கிறார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. கதவைத் திறப்பதையே மன்னிப்பாக எடுத்துக்கொள்.

ஒரே தொல்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. மறுநாள் வேலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் பத்து மணிக்குள் சரியாகிவிடுகிறது. "உனக்கு என் மூஞ்சிதான் அலர்ஜி" என்கிறார். அவருக்கும் இரண்டு நாளாக மண்டை கனம், கண்ணாடி மாற்ற வேண்டுமாம். வயதாகிறது, வேறென்ன.

என்றைக்கு வருகிறாய்?

அக்கா


நவம்பர் 29

அக்காவுக்கு,

பன்னிரண்டாம் தேதியிலிருந்து மூன்று நாள் உன் வீட்டு வாசலில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாயா என்றுகூடத் தெரியவில்லை. அம்மா உன் பக்கத்தில் இருந்தாள். நான் நாற்காலிகளை வாங்கிப் போட்டேன், எடுத்துக் கொடுத்தேன். அத்தானைத் தூக்கும்போது தோள் கொடுத்தேன். அதற்கு மேல் எதற்கும் என்னால் முடியவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டேன்.

வந்து பார்த்தால், டிவி மேல் உன் மூன்றாம் தேதிக் கடிதம் பிரிக்காமல் இருந்தது. மாதம் பிறந்ததிலிருந்து நான் வெளியூர் வேலையில் இருந்தேன். அங்கிருந்துதான் நேராக உன் வீட்டுக்கு வந்தேன். அம்மா கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.

தலைவலி என்று எழுதியிருந்தாய். வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றும் எழுதியிருந்தாய். ஹீட்டரின் விஷவாயு வீட்டுக்குள் தங்குகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி, எங்கள் வேலையில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது அது. அந்தக் கடிதம் என் கையில் கிடைத்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன், ஹீட்டரை அணை, ஜன்னலைத் திற, வெளியே போ என்று.

ஹீட்டரைத் தொடாதே. கேஸ்காரர்கள் வைத்த முத்திரையை யாரையும் பிரிக்க விடாதே.

சாப்பிடுகிறாயா? போன் எடுக்க வேண்டாம். ஒரு வரி எழுது.

தம்பி


டிசம்பர் 14

தம்பிக்கு,

சாப்பிடுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை யாரும் என்னை முழுதாகச் சொல்ல விடுவதில்லை. ஆரம்பித்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம், விடு" என்கிறார்கள். உனக்கு எழுதுகிறேன்.

அவருக்குச் சளி. பிரஸ்ஸுக்கு லீவு போட்டார். எட்டு மணிக்கு நான் கிளம்பும்போது, "ஜன்னல் எல்லாம் நல்லா சாத்தியிருக்கு இல்ல?" என்று கேட்டார். சாத்தியிருந்தது. மதியம் போன் செய்தேன். "அசதியா இருக்கு, சாஞ்சுக்கறேன்" என்றார். நாலே காலுக்குக் கதவைத் திறந்தேன். வீடு அவ்வளவு சுகமான சூடு. நாற்காலியில் மடியில் ப்ரூஃப் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். முகம் நல்ல நிறமாக இருந்தது, தம்பி. கன்னமெல்லாம் சிவந்து, கல்யாணத்தன்று இருந்ததைவிட நன்றாக. சளிக்கு ஓய்வு எடுத்தது நல்லது என்று நினைத்தேன். எழுப்ப மனசு வரவில்லை. இரண்டு பேருக்கும் டீ போட்டேன். எதிரில் உட்கார்ந்து என்னுடையதைக் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக் கதை சொன்னேன், மெதுவான குரலில். ஒருவர் பல்செட்டை ஆட்டோவில் விட்டுவிட்டு வந்த கதை. அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பிடித்த மாதிரிக் கதை. அப்போதுதான் தொட்டேன்.

பிறகு எனக்கும் தலை சுற்றியது. நான் கத்தினேனாம், எதிர்வீட்டு அம்மா இழுத்துக்கொண்டு வந்து படியில் போட்டாளாம். அவள் அப்படியே விட்டிருக்கலாம்.

விசாரணை அறிக்கை நேற்று வந்தது. ஹீட்டருக்குக் கீழே சுவரில் ஒரு கம்பிவலை இருக்கிறதே, வெளிக்காற்று வருவதற்கு, அதை டேப்பால் அடைத்திருக்கிறது. உள்ளே புகைக்குழாயின் வளைவுத் துண்டு, எல்போவாம், விலகியிருக்கிறது, அது மெஷினின் வயது காரணமாக இருக்கலாமாம். முதல் காரணம், வீட்டுக்காரர் தானே காற்று வழியை அடைத்துக்கொண்டது. அதிகாரி என்னைக் கேட்டார், "சர்வீஸ் எல்லாம் ஒழுங்கா பண்ணீங்களா?" "என் தம்பியே மெக்கானிக், போன வருஷம் பண்ணினான்" என்றேன். பராமரிப்பு முறையாக நடந்துள்ளது என்று எழுதிக்கொண்டார்.

வருகிறவர்கள் எல்லாம், "படிச்ச மனுஷன், இப்படியா பண்ணுவார்" என்கிறார்கள். அவருடைய அக்காகூடச் சொன்னாள்.

அவர் முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. உன் கடிதம் அவர் மேஜையில் இருந்தது. ஒன்பதுக்கும் பக்கத்தில் சிவப்பு டிக். ஏழாவதுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில், "கம்பிவலை: மிக அதிகமாக ஆடுகிறது. அடைத்தாயிற்று." அதன் கீழே, "நன்று." உன்னை இன்ஜினியர் என்று கேலி பண்ணினவர், நீ எழுதினதில் ஒரு வார்த்தை விடாமல் செய்திருக்கிறார். டேப்பை வெட்டிக் கொடுத்தவள் நான்.

ஸ்பாஞ்சுப் பட்டையைப் பற்றி எழுதினாய். திரையைப் பற்றி எழுதினாய். அந்த வலையை மூடாதே என்று ஒரு வரி ஏன் எழுதவில்லை?

உனக்கு அது தெரியாதா, மறந்துவிட்டாயா? பதில் எழுது. சமாதானம் எழுதாதே.

அக்கா


ஜனவரி 4

அக்காவுக்கு,

தெரியும். மறக்கவில்லை.

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன வருடம் அன்றைக்கு, ஹீட்டரைத் திறந்து புகைக்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். குழாயையும் எல்போவையும் மூன்று ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்து மேலே அலமாரித் தட்டில் வைத்தேன். எல்போவைத் திரும்பச் செருகினேன். ஸ்க்ரூவை எடுக்கக் கை நீட்டும்போது ஹாலில் அத்தான் பேசுவது கேட்டது. "எங்க வீட்டு இன்ஜினியர் உள்ள வேலையா இருக்கார். படிப்பு ஏறல, ஆனா கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். கல்யாணத்துல கட்டிலு பீரோவோட சேத்து எனக்கு ஒரு ரிப்பேர்காரரையும் குடுத்துட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், அக்கா. உன் சிரிப்பு தனியாகக் கேட்டது.

மூடியை அடித்துச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தத்தில் ஸ்க்ரூ ஞாபகம் வந்தது. இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. குழாய் ஆடிச் சத்தம் போடும், அப்போது அவரே கூப்பிடட்டும், கெஞ்சட்டும், போய் மாட்டலாம் என்று நினைத்தேன். அவர் கூப்பிடவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. அதற்குப் பிறகு சொன்னால், "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்ற கேள்வி வரும். வீடு முழுக்க ஓட்டை, காற்று நன்றாகப் போய்வருகிறது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீடு சல்லடை என்று எழுதினேனே, அந்தச் சல்லடைதான் ஒரு வருடம் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை அடைக்கச் சொல்லி என் கையாலேயே எழுதினேன்.

ஏழாவதை எழுதும்போது பேனா நின்றது. வலையை மட்டும் மூடாதே என்று எழுத வேண்டும் என்று தெரியும். எழுதினால் அத்தான் ஏன் என்று கேட்பார். புகை போக வேண்டும் என்றால் குழாயைத் திறந்து பார்ப்பார். அவர் அப்படிப்பட்டவர், ஒரு புள்ளி விட மாட்டார். ஸ்க்ரூ இல்லாததைப் பார்ப்பார், அதையும் ஒரு பிழையாகச் சுழித்து வைப்பார், அடுத்த தடவை நண்பர்கள் வரும்போது சொல்வார். டிசம்பரில் அவர் இல்லாத நாளில் வந்து சத்தமில்லாமல் மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இவ்வளவுதான். ஒரு கேலிக்குப் பயந்தேன்.

அறிக்கையில் அவர் பேரில் பழி இருக்கிறது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாள் அப்படியே இருந்தேன். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது என்பதும் தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன், தோன்றியது. இருபதாம் தேதி அந்த அதிகாரியைப் பார்த்து எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அறிக்கையைத் திருத்துகிறார்கள். என் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். கம்பெனியில் கருவிப்பையைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். வழக்கு வரும் என்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அவகிட்ட சொன்னியா?" என்றாள். "எழுதணும்மா." "எழுது." அதற்குப் பிறகு தட்டில் சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை.

என்னைத் திட்டு. அடிக்க வேண்டுமென்றால் வருகிறேன்.

தம்பி


ஜனவரி 11

கடிதம் வந்தது. படித்தேன்.

இனி எழுதாதே, வராதே. அம்மாவைப் பற்றி என்றால் மட்டும் எழுது.


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

அம்மாவைப் பற்றித்தான்.

அவள் உன்னிடம் வருகிறாள். வரட்டுமா என்று கேட்கவில்லை, பையைக் கட்டி வைத்துவிட்டாள். எதிர்வீட்டு அம்மா போனில் சொன்னாளாம், நீ ஹீட்டரை அகற்றியதிலிருந்து ஒரு சூடும் இல்லாமல், ஜன்னல்களை எல்லாம் திறந்துபோட்டு, கோட்டோடு படுக்கிறாய் என்று. "அவ குளிர்ல தனியா கெடக்கா. நான் போறேன்" என்றாள். ஒரு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். நான் சாக்ஸ்களை எடுத்துக் கொடுத்தேன். அப்போது, "நீ செஞ்சத மறைக்காம சொன்ன. அதுவரைக்கும் சரி. அதுக்கு மேல உன்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலடா" என்றாள்.

அவளுக்குக் காலில் ரத்த ஓட்டம் குறைவு. குளிர் பட்டால் விரல்கள் நீலமாகிவிடும். காலையில் வெள்ளை மாத்திரை, சாப்பிட்ட பிறகு மஞ்சள். சூடு இல்லாத வீட்டில் அவளால் இருக்க முடியாது. அதனால் இதை எழுதுகிறேன். நான் எழுதியதை நம்பிச் செய்யாதே. இந்தக் காகிதத்தை வேறு இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டு. அவர்கள் சரி என்றால் செய்.

எதுவும் எரியாத மெஷினாக வாங்கு. ஏசி மாதிரியே இருக்கும், குளிர்காலத்தில் திருப்பிப் போட்டால் வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே விடும். கரண்டில் ஓடும். தீ இல்லை, புகை இல்லை, குழாய் இல்லை. வெயில் காலத்துக்கும் அதுவே போதும், பழைய ஏசியைக் கழற்றிவிடலாம். அளக்காமல் சைஸ் சொல்கிறவனை அனுப்பிவிடு. வெளிச்சுவர் எத்தனை, ஜன்னல் எந்தத் திசை, மேலே கூரையா இன்னொரு வீடா என்று கேட்கிறவனை வைத்துக்கொள். வெளியே வைக்கிற யூனிட்டைச் சுற்றி ஒரு முழமாவது இடம் வேண்டும், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பெட்டி கட்டி மூடாதே. ஃபில்டர் மாதம் ஒரு முறை.

சமையலறையில் கேஸ் அடுப்பு இருக்கிறது. அங்கே உள்ள வலையை ஒருநாளும் மூடாதே. அம்மாவும் மூடாமல் பார்த்துக்கொள். விஷவாயு வந்தால் கத்துகிற அலாரம் கடையில் கிடைக்கும், படுக்கையறைக்கு வெளியே ஒன்று மாட்டு. நான் இதை உங்களுக்குப் எட்டு வருடம் முன்பே மாட்டியிருக்க வேண்டும். ஊரெல்லாம் மாட்டினேன்.

பொருத்தி முடித்தவர் கிளம்பும் முன், கழற்றியதெல்லாம் மாட்டியாயிற்றா என்று கேள். அவர் முகம் சுளித்தாலும் கேள். டீ கொடுத்து உட்காரவை, சண்டை எதுவும் வராமல் பார்த்துக்கொள்.

நான் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

அம்மா வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் வாரம் இரண்டு போர்வையும் என் கோட்டும் போர்த்திக்கொண்டு, குளிரவே இல்லை என்று பொய் சொன்னாள். பல் தந்தியடித்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

உன் காகிதத்தை இரண்டு பேரிடம் காட்டினேன். இரண்டாவதாக வந்தவர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். முழுக்கப் படித்துவிட்டு, "இது யார் எழுதினதுங்க? தொழில் தெரிஞ்சவங்க" என்றாள். அவளையே வேலைக்கு வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க அவள் பின்னாலேயே நின்றேன். அவள் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டில் யாராவது நடந்ததைச் சொல்லியிருப்பார்கள்.

மெஷினை ஓடவிட்டதும் கால்மணி நேரத்தில் ஹால் சூடாகிவிட்டது. அதே சூடு. நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா கதவைத் திறந்து, "உள்ள வாடி, இதுல ஒண்ணும் எரியலன்னு அந்தப் பொண்ணு சொன்னா இல்ல?" என்றாள். தெரியும் என்றேன். அரைமணி நேரம் கழித்துத்தான் போக முடிந்தது.

இன்னொன்று எழுத வேண்டும். ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நீ கோபித்துக்கொண்டு போன மறுநாள் ஹீட்டர் பக்கம் தூசி தட்டினேன். அலமாரித் தட்டில் மூன்று ஸ்க்ரூ இருந்தது. ஏதோ மிச்சம் என்று நான் நினைக்கவில்லை. நீ சின்ன வயதிலிருந்து எதைப் பிரித்தாலும் ஒன்றைக்கூட மிச்சம் வைக்காமல் சேர்க்கிறவன். இது எங்கேயோ இருக்க வேண்டியது என்று எனக்குத் தெரிந்தது. அவரிடம் காட்டினால், "பாத்தியா உன் தம்பி லட்சணத்த" என்பார். உன்னிடம் கேட்டால் அது ஒரு சண்டை. எதற்கு வம்பு என்று பட்டன் டப்பாவில் போட்டு மூடினேன். வருடம் முழுக்க அந்த டப்பாவைத் திறந்து சட்டைக்குப் பட்டன் தைத்திருக்கிறேன். ஸ்க்ரூ விரலில் படும், ஒதுக்கிவிட்டுப் பட்டனை எடுப்பேன்.

அதிகாரி கேட்டபோதும் சொல்லவில்லை. உனக்கு அந்த டிசம்பர் கடிதத்தை எழுதும்போதும், ஏன் எழுதவில்லை என்று உன்னைக் கேட்டேனே, அப்போதும் டப்பா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நான் சிரித்ததாக எழுதியிருந்தாய். சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

உன் வழக்கில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று ஸ்க்ரூவையும் ஒரு உறையில் போட்டு எடுத்துப் போகிறேன். எனக்கு என்ன செய்வார்களோ செய்யட்டும். உன் தண்டனை அதனால் குறையுமா என்று வக்கீலைக் கேட்டேன். பெரிதாகக் குறையாதாம்.

அதற்காக நீ வந்துவிடாதே. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வருமா என்று பார்த்தேன், வரவில்லை. திட்டி எழுதவும் வரவில்லை. அவர் இல்லாத வீட்டில் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது? அம்மா உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள். அதனால் மாதம் ஒரு தடவை அவளுக்கு எழுது. எனக்கு வேண்டாம்.

இப்போது மதியம் மூன்று மணி. அவள் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குகிறாள், விரல்கள் சரியான நிறத்தில் இருக்கின்றன. மெஷின் ஓடுகிறது. நான் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சூடெல்லாம் வெளியே போகிறது. வீண் என்று நீ சொல்வாய். வீணாகட்டும்.

அக்கா